பிரேமலாவின் லாப்டாப்புக்கு ஓர் அப்டேட்

கறுப்புத் திரையில் ஒரே ஒரு சிவப்புப் பெட்டி. 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு விதியை யாரோ மீறிவிட்டதாக அது ஆங்கிலத்தில் குமரவேலைத் திட்டியது.

லாப்டாப் அவனுடையது அல்ல, மனைவி பிரேமலாவுடையது. அவளுடைய மாஸ்டர்ஸ் ஆய்வேடு அதற்குள்தானே. திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். அவள் கோலா சிலாங்கூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, 'ஃபர்ம்வேர் அப்டேட் செய்யவா?' என்று திரை கேட்டது. நல்லதுதானே என்று அமுக்கிவிட்டான்.

செம்பனைத் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அவன். பிரிண்டரில் சிக்கிய தாளை உருவத் தெரியும். அவ்வளவுதான்.

பட்டணத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பன் சைஃபுதீனுக்குப் போன் போட்டான்.

"லினக்ஸா? தொடங்கி வைக்கிற பழைய பூட் ஃபைலை, அப்டேட்டுக்கு அப்புறம் அது நம்ப மாட்டேங்குது லா. செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிப் பாரு."

சிவப்புப் பெட்டி மறைந்தது. குமரவேல் திரையைக் கும்பிட்டான். உடனே இன்னொரு திரை வந்து, டிஸ்க்கைத் திறக்க மீட்புச் சாவி கேட்டது. அதையும் சைஃபுதீனுக்குப் படித்துக் காட்டினான்.

"சாவி லாப்டாப்புக்குள்ள ஒரு சில்லுல, அதான் சிப்புல, இருக்கு. நீ செட்டிங்கை மாத்தினதும் அதுக்குச் சந்தேகம் வந்துருச்சு. வேற எதையும் தொடாத, நான் வரேன்."

"சில்லைச் சுத்தம் பண்ணவான்னு கேட்டுச்சு. பண்ணுன்னு அமுக்கிட்டேன்."

மறுமுனையில் எதுவோ கீழே விழும் சத்தம் கேட்டது.

"சைஃபு?"

"சுத்தம்னா துடைக்கிறது இல்லடா, சாவியை அழிக்கிறது! இனி மீட்புச் சாவிங்கிற அந்த நீள நம்பர் இருந்தாத்தான் லா திறக்கும்."

மார்க்கெட்டில் இருந்த பிரேமலாவுக்குப் போன் போட்டான்.

"லாப்டாப்புக்கு மீட்புச் சாவின்னு ஏதோ நம்பர்... எங்க வச்சிருக்க?"

"லாப்டாப்புக்குள்ளதான், பத்திரமா. ஏங்க?"

"சும்மா கேட்டேன். ஆய்வேட்டுக்கு வேற காப்பி இருக்கா?"

"அதுக்கு எதுக்கு காப்பி?"

குமரவேல் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டான். மாதக்கணக்காக அவள் கதவைச் சாத்திக்கொண்டு லாப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் கவனம் சிதறுமே என்று அவன் டிவி போட்டதில்லை. சமையலும் அவன், துணி துவைப்பதும் அவன். அத்தனையும் அவனுடைய ஒரே விரலில் போயிற்று.

பிரேமலா மீன் பையோடு உள்ளே வந்தாள். அவன் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்லி முடித்தான்.

அவள் பையைக் கீழே வைத்தாள். திரையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்து அதைப் படம் பிடித்தாள்.

"யாருக்கு அனுப்புற?"

"எங்க யூனிவர்சிட்டி சாருக்குத்தான். நான் இன்னும் ஒரு வரிகூட எழுதலைங்க. லாப்டாப் கெட்டுப்போச்சுன்னு போன வாரமே சொல்லிட்டேன், மனுஷன் ப்ரூஃப் கேட்டுக் கொல்றாரு."