நாலு மணிக்கு விழும் சுவிட்ச்

மூன்றாவது நாளாக மின்விசிறி நின்றபோதும் மணி சரியாக நாலு.

மதியத் தூக்கத்திலிருந்த ஸ்பேனர் கட்டிலைவிட்டுத் துள்ளி எழுந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. முப்பத்தெட்டு வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் எதற்கெடுத்தாலும் ஸ்பேனரும் கையுமாக நிற்பதால் தெரு வைத்த பெயர் இது.

"போச்சா? இன்னிக்கும் போச்சா? பகல் கொள்ளைக்காரன்! பொம்மையைக் கொண்டாந்து சுவத்துல மாட்டிட்டுப் போயிருக்கான்!"

பனியனோடு வாசல் நடைக்கு ஓடினார். அங்கேதான் புது மெயின் பெட்டி. அவருக்கு முன்னாலேயே மனைவி பெட்டியடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் என்ன சொல்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்லாதே. பயந்துட்டியா? தள்ளு அந்தப் பக்கம்."

விழுந்து கிடந்த ட்ரிப் சுவிட்சை மேலே தள்ளினார். மின்விசிறி சுற்றியது. அவர் வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

எப்படி அடங்கும்? பழைய பெட்டி முப்பத்தைந்து வருஷம் உழைத்தது. பீங்கான் ஃபியூஸ் நாலு. அவற்றில் பஸ் பேட்டரிக் கம்பியை அவரே கையால் சுற்றி வைத்திருந்தார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஃபியூஸ் போனதுண்டா? குளியலறைக் குழாயைத் தொட்டால் கொஞ்சம் சுரீர் என்னும். "அது ஷாக் இல்ல, கூச்சம்" என்பார்.

அந்தக் கூச்சத்தைச் சின்ன வயதில் தொட்டுப் பார்த்த மகள்தான் இப்போது வினையாக வந்தாள். போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "அப்பா, வீட்டு ஒயரிங்கை மாத்துங்க. எர்த் போடுங்க. அதுவரைக்கும் என் பிள்ளையை அந்த வீட்டுக்குக் கொண்டு வரமாட்டேன்."

பேரனுக்கு எட்டு மாசம். அவனை அவர் போனில்தான் பார்த்திருக்கிறார். அதிலும் பாதி நேரம் நெற்றி மட்டும்தான் தெரியும். வேறு வழியில்லாமல் எலக்ட்ரீஷியனுக்குச் சரி என்றார்.

திங்கட்கிழமை வேலை முடித்த எலக்ட்ரீஷியன் பொறுமையாக விளக்கினார். "ஐயா, கரண்ட் எங்கயாவது கசிஞ்சா இது கண்ணிமைக்கிற நேரத்துல விழுந்துடும். உயிர் காக்குற சாமான். ஒழுங்கா வேலை செய்யுதான்னு மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்குங்க."

"மாசம் கழிச்சுப் பாக்குறதுக்குள்ள நீ ஊரை விட்டே ஓடிருவே!"

அவர் போன பிறகு மனைவியை நிற்க வைத்து அரை மணி நேரம் கட்டளை போட்டார் ஸ்பேனர். ஈரக் கையோடு கிட்டே போகாதே. மிக்சியையும் மோட்டாரையும் சேர்த்துப் போடாதே. சுவிட்ச் விழுந்தால் தூக்கிவிடாதே, அது என் வேலை. எவனையும் நம்பாதே. இன்னும் என்னென்னவோ சொன்னார். சொன்னவருக்கு மறந்துவிடும், கேட்டவளுக்கு மறக்காது. அந்த வீட்டில் நாற்பது வருஷமாக அப்படித்தான்.

மறுநாளே நாலு மணிக்கு சுவிட்ச் விழுந்தது. "ஃபிரிட்ஜுதான் கோளாறு" என்று பிளக்கைப் பிடுங்கிப் போட்டார். பால் திரிந்து, காய்கறி நாறியது. புதன்கிழமையும் விழுந்தது. "அப்ப வாஷிங் மெஷினும் மிக்சியும்தான்" என்று ஆட்டோவில் ஏற்றி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எதுலயும் கோளாறு இல்லையே அண்ணே" என்றார்.

"ஓ, நீயும் அவனும் கூட்டா?" என்று கேட்டுவிட்டு, கோபத்தில் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். மனைவி குனிந்து துணி துவைத்தாள்.

இன்றைக்கு, வியாழக்கிழமை, பழி பக்கத்து வீட்டுப் போஸ்ட்மாஸ்டர் மேல் விழுந்தது.

"நாலு மணிக்கு என்னய்யா போடுறே உன் வீட்ல? என் கரண்டை இழுக்குதே!"

"நாலு மணிக்கு நான் பேப்பர் படிக்கிறேன். அதுக்குக் கரண்ட் வேணாம். கண்ணாடி போதும்."

"நக்கலா?"

"இல்ல. என் ஏணி நாலு மாசமா உங்க வீட்ல இருக்கு. அதை மட்டும் குடுத்துருங்க."

ஏணி போனது.

வெள்ளிக்கிழமை ஸ்பேனர் ஒரு கயிறு எடுத்து, சுவிட்சின் தலையை மேலே இழுத்து ஆணியில் கட்டினார். "இப்ப விழு பாக்கலாம்!" என்று சவால்விட்டுப் படுத்தார். நாலு மணிக்கு மின்விசிறி நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் சுவிட்சின் தலை கயிற்றில் கட்டினபடி மேலேயே இருக்கிறது. தலையைக் கட்டினாலும் உள்ளுக்குள் விழுந்துவிடுகிற சாமான் அது; கரண்ட் மட்டும் இல்லை.

"தலை மேல நிக்குது, உயிர் போயிடுச்சு! இப்படி ஒரு அநியாயம் உண்டா?"

பெட்டியடியில் நின்ற மனைவி, "ஏங்க, ஒரு நிமிஷம் நான் சொல்றதை..." என்றாள்.

"கரண்டைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?"

கோளாறு சுவருக்குள்தான் என்று முடிவு கட்டினார். ஏணி இல்லாததால் முக்காலி மேல் ஏறி, ஸ்பேனரால் ஒயர் போகிற இடத்தைத் தட்டினார். அரைச் சுவர் பெயர்ந்து டிவி மேல் விழுந்தது. உள்ளே புது ஒயர் பளபளவென்று ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. அதைப் பார்க்க இன்னும் ஆத்திரம் வந்தது.

சனிக்கிழமை மதியம் எலக்ட்ரீஷியனைப் பிடித்து இழுத்து வந்தார். வம்பு பார்க்க போஸ்ட்மாஸ்டரும் வந்து நின்றார்.

எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு லைனாகச் சோதித்தார். எர்த்தைச் சோதித்தார். தலையைச் சொறிந்தார்.

"ஐயா, எங்கயும் கசிவு இல்ல. எல்லாம் சுத்தமா இருக்கு. யாராவது இதுல கை வைக்கிறாங்களா?"

"என்னைத் தவிர இந்த வீட்ல இதைத் தொடுற தைரியம் யாருக்குய்யா இருக்கு? கழட்டு! என் பழைய பெட்டியை மாட்டு!"

"வேணாங்க. அது ஆளைக் கொல்லுற பெட்டி."

"முப்பத்தஞ்சு வருஷமா நான் செத்தா போயிட்டேன்?"

போன் அடித்தது. மகள். இரைச்சலில் விஷயம் அவள் காதுக்கும் போய்விட்டது.

"அப்பா, நாளைக்குக் காலைல வண்டி. பழைய பெட்டியை மாட்டினீங்கன்னா நான் ஸ்டேஷன்லேர்ந்தே திரும்பிடுவேன். பிள்ளை தவழுறான், கண்ட இடத்துல கை வைக்கிறான்."

போனில் ஒரு நெற்றி தெரிந்து மறைந்தது. ஸ்பேனர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். ஆனாலும் அவர் தோற்றுப்போவதா? அதுவும் இந்தத் திருட்டுப் பயலிடமா? போஸ்ட்மாஸ்டர் பார்க்கும்போதா?

"என் வீட்ல எது இருக்கணும்னு நான்தான் சொல்லணும். கழட்டுடா!"

எலக்ட்ரீஷியன் பெருமூச்சு விட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கூடத்தில், பெயர்ந்த சுவருக்கு மேலே, கடிகாரம் நாலு அடித்தது.

சமையலறையிலிருந்து மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஈரமில்லையே என்று விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளுங்க தம்பி, நாலு மணியாச்சு. 'மாசத்துக்கு ஒரு தடவை சுவிட்ச் மேல இருக்குற அந்த டெஸ்ட் பட்டனை அழுத்தணுமாம், அவனை நம்பாதே, நீ தினம் அழுத்தி, சுவிட்ச் விழுதான்னு பாரு'ன்னு இவர்தான் சொல்லியிருக்காரு."