ஜன்னலில் ஒட்டிய காடு

“ஏம்மா, நீ கடைசியா எப்ப ஒரு மரத்தப் பாத்தே?”

“இப்பத்தான் சார்.”

“இப்பன்னா?”

“நீங்க வந்து மறைக்கிற வரைக்கும்.”

“அது சும்மா பாக்கறதும்மா. நான் கேக்கறது மனசாரப் பாக்கறது. இந்தக் கட்டுரையப் படி. ஊருக்குள்ள அடைஞ்சு கெடக்கறவன் தெனம் இருபது நிமிஷம் பச்சையப் பாத்தா படபடப்பு கொறையுமாம், தூக்கம் வருமாம், பக்கத்து சீட்டுக்காரன் மேல வர்ற எரிச்சல்கூடப் போயிடுமாம். நம்ம ஆபீஸ்லயும் கொண்டு வரப்போறேன்.”

“மரமா சார்?”

“காடும்மா, காடு! ‘இயற்கையைப் பாருங்கள், தொடாதீர்கள்’. இத ரெண்டு மொழியிலயும் அழகா எழுதிக் குடு.”

இப்படிப் பேசுகிறவரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். இவர்தான் பசுமைப் பிரசங்கி. எட்டு மேசைக்கு ஒருவர் வீதம் எல்லா அலுவலகத்திலும் இருப்பார். அவருடைய கணினித் திரையில் அருவி கொட்டும். கைபேசியில் குயில் கூவி அவரை எழுப்பும். நிஜக் குயில் கூவினால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பார். பூங்காவுக்குத் தவறாமல் போவார், பூங்காவில் நடப்பதன் நன்மைகளைப் பற்றிக் கைபேசியில் படித்துக்கொண்டே நாலு சுற்று நடந்து, எதிரே வந்த வேப்பமரத்தில் முட்டிக்கொண்டு, மரத்தை ஏன் நடைபாதையில் வைத்தார்கள் என்று கோபித்துக்கொண்டு திரும்புவார். கவிதையில் உதிர்ந்தால் இலை. காரின் மேல் உதிர்ந்தால் குப்பை.

நம் கதையில் வருகிறவர் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் மேலாளர். அவர் மேசையில் மூன்று தொட்டிகள் இருந்தன. முதல் இரண்டு செடிகளும் அவர் பாசத்தோடு ஊற்றிய தண்ணீரில் மூழ்கி உயிரை விட்டன. மூன்றாவது பிளாஸ்டிக். அதற்கும் தினமும் தண்ணீர் தெளித்துக்கொண்டுதான் இருந்தார். கை பழகிவிட்டது, என்ன செய்வது?

இரண்டாம் மாடியில் எட்டு மேசைகளுக்கும் சேர்த்து ஒரே ஜன்னல். அதை ஒட்டி உட்கார்ந்திருந்தவள்தான் மேலே பதில் சொன்ன பெண். வாய் திறக்க யோசிப்பவள் என்பதால் ‘மியூட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மிக்ஸி, துவைக்கும் இயந்திரம், தண்ணீர் சுடவைக்கும் இயந்திரம் ஆகியவற்றோடு வரும் கையேடுகளை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுவது அவள் வேலை. ‘கைகள் ஈரமாக இருக்கும்போது பொத்தானைத் தொடாதீர்கள்’ என்று ஒரு வாரத்தில் எத்தனை முறை எழுதினாளோ, கணக்கில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் தலையைத் தூக்கி வெளியே பார்ப்பாள். பெயர் தெரியாத ஒரு மரம். அதன் கவட்டில் காக்கை ஜோடி ஒன்று குச்சி, துருப்பிடித்த கம்பி, விளக்குமாற்று ஈர்க்கு, யாரோ தொலைத்த மூக்குக்கண்ணாடியின் ஒற்றைக் கால் என்று கிடைத்ததையெல்லாம் வைத்துக் கூடு கட்டியிருந்தது. பத்து நாளாக ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் குனிந்தால் அடுத்த பக்கம் தானாக ஓடும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

காடு சுருட்டிய குழாயாக வந்து இறங்கியது. விரித்தால் எட்டடி அகலச் சுவரொட்டி: பனிமூட்டம், ஓடை, ஓடைக்கரையில் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் மான். ஒரு சுவரில் ஏசி, ஒன்றில் அலமாரிகள், ஒன்றில் வருகைப்பதிவு இயந்திரம். மிச்சமிருந்தது ஜன்னல் பக்கம்தான்.

“சார், அங்க ஜன்னல் இருக்கே,” என்றார் பக்கம் வடிவமைக்கும் அண்ணன்.

“ஜன்னல்ல என்னய்யா இருக்கு? ஒத்த மரம். ஒத்த மரத்துக்காக எவனாவது காட்டையே விடுவானா?”

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டுவிட்டது. நான்கு ஓரமும் ஒட்டி, அவள் எழுதிய ‘தொடாதீர்கள்’ பலகையையும் மாட்டி, மேலாளர் பின்னால் நகர்ந்து நின்று “ஆகா!” என்றார். அறை இருண்டது. பட்டப்பகலில் ட்யூப்லைட் எரிந்தது.

மறுநாள் பதிவேடு வந்தது. ஆளுக்கு இருபது நிமிடம் காட்டின் முன் நின்றுவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

“நான் மானப் பாத்துட்டேன் சார், மானும் என்னப் பாத்துடுச்சு. கெளம்பவா?” என்று அண்ணன் மூன்றாவது நிமிடத்தில் கேட்டார்.

“இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு. அமைதியா நில்லு.”

அவளுக்குத் தலைவலி தொடங்கியது. தலையைத் தூக்கினால் மான். அதே மான், அதே திருப்பிய கழுத்து. அந்த வாரமே, அச்சுக்குப் போக இருந்த பக்கத்தில் ‘கைகள் ஈரமாக இருக்கும்போது பொத்தானைத் தொடுங்கள்’ என்று எழுதிவிட்டாள். அண்ணன் கண்ணில் பட்டதால் ஊர் பிழைத்தது.

மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். “ஏம்மா, இருபது நிமிஷம் ஒழுங்கா பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

“அப்ப உனக்கு அது பத்தல. நாளையிலேர்ந்து நாப்பது.”

அப்போதுதான் மியூட் வாயைத் திறந்தாள். “சார், அந்தக் காட்டுக்குப் பின்னாடி ஒரு காக்காக் கூடு இருக்கு. குஞ்சு பொரிக்கிற நேரம். அதப் பாத்துப் பாத்துத்தான் எனக்கு வேலையே ஓடிச்சு. காட்டக் கொஞ்சம் தள்ளி ஒட்டினா...”

மேலாளர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தை எதையோ உளறியது போன்ற சிரிப்பு. “மான் நிக்கறப்ப காக்காய யாரும்மா பாப்பாங்க?”

நான்கு நாள் கழித்து, மேலாளர் தம்முடைய இருபது நிமிடத்தில் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தபோது, மானின் வயிற்றுப் பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு கீச்சுச் சத்தம் வந்தது.

“என்னய்யா அது?”

“மானுக்குப் பசி சார்,” என்றார் அண்ணன், தலை தூக்காமல்.

மேலாளர் முறைத்தார். ஆனால் நகரவில்லை. மறுநாள் அவருடைய இருபது நிமிடம் அரை மணி ஆயிற்று. அதற்கும் மறுநாள் மானின் வயிற்றில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். மானுக்கு நாடி பார்க்கிறார் என்று அலுவலகம் பேசிக்கொண்டது. கையெழுத்துப் போடவே மறந்து, தமக்குள் சிரித்தபடி இருக்கைக்குத் திரும்பினார். பிளாஸ்டிக் செடிக்கு அன்று தண்ணீர் தெளிக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உடம்புக்கு நல்லது. சிரித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: உங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே நிற்கிறதே, அது என்ன மரம்? எட்டிப் பார்க்காமல் சொல்ல வேண்டும். கைபேசியில் தேடவும் கூடாது. தெரியவில்லையா? பரவாயில்லை, அந்தக் கைபேசியின் முகப்பில் என்ன படம் வைத்திருக்கிறீர்கள் என்றாவது சொல்லுங்கள். அருவியா? அப்படித்தான் நினைத்தேன்.

அதனால் மேலாளரை ரொம்பவும் பழிக்க வேண்டாம். அவர் கடைசியில் அவளிடம் வந்தார். மதியம் மற்ற எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவள் மேசையில் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“ஏம்மா, யார்ட்டயும் சொல்லிடாத. தொடாதீங்கன்னு நானே போர்டு மாட்டிட்டு நானே தொட்டா நல்லாருக்காது. எழுதினது நீதானே, நீ தொடலாம். அந்த மானோட கால் பக்கம் டேப்பக் கொஞ்சம் பிரிச்சு, எத்தன குஞ்சுன்னு பாத்துச் சொல்றியா? அப்புறம்... மறுபடி ஒட்ட வேணாம்.”