தராசார் கரிவளி பெருக்கிய படலம்

பெரும்பாரம் சுமந்து பெருமூச்செறிந்து வரும் லாரிகளையெல்லாம் தம் முன்னே நிறுத்தி, ஏறுக என ஏற்றி, இறங்குக என இறக்கிய செங்கோலோனே! மணற்குவியலின் உச்சியில் அமர்ந்திருந்த காக்கையையும் விரட்டிய பிறகே எடை குறித்த நேர்மைத் திருவுருவே! எடைமேடை நிலையத்தின் ஏகச் சக்கரவர்த்தியே! ஓட்டுநர் குலம் ஒரே குரலில் 'தராசு' என்று பட்டம் சூட்டிய பெருமானே, வாழ்க நின் கொற்றம்! நின் கூடத்தின் மூலையில், செருப்பு அலமாரிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே மூண்ட மாபெரும் போரைச் சொல்லப் புகுகின்றோம். நடுவில் எமக்குச் சிரிப்பு வந்தால் பொறுத்தருள்க. அடக்கிப் பார்த்தோம், முடியவில்லை.

நாற்புறமும் கண்ணாடி மதில் சூழ, கருமணல் தரை விரிய, செந்தண்டுச் செடிகளும் பசும்புல் விரிப்பும் பரந்து கிடந்த அந்நீர்நாட்டில் சின்னஞ்சிறு மீன்கள் குடிமக்களாய் வாழ்ந்தன. அவற்றுள் அகன்ற வயிறும் அசட்டு முகமும் கொண்டு, யார் கண்ணாடியருகே வந்தாலும் ஓடிவந்து வாய் பார்க்கும் மீன் ஒன்று உண்டு. அதன் பெயர் குண்டு. அதை வாங்கி வந்தவர் தராசாரின் மனைவி. அரசு மருத்துவமனையின் நுரையீரல் நோய்ப் பிரிவில் செவிலியராகிய அவ்வம்மையாருக்குத் தொடர்ந்து இரவுப் பணி விழுந்ததிலிருந்து, பகல் முழுதும் வீட்டில் பேச ஆளில்லாத குறையைத் தீர்க்க வந்தது அது. கணவர் கிளம்பும் வேளையில் மனைவி திரும்புவார். கணவர் திரும்பும் முன்பே மனைவி கிளம்பியிருப்பார். வாசற்படியில், "சாவி எடுத்தீங்களா?" "எடுத்தேன்" என்பதே அவ்விருவர் இல்லறத்தின் அன்றாட உரையாடல் முழுமையும். மற்றதையெல்லாம் அவர் மாலையிலும் அவள் பகலிலும் குண்டுவிடம் சொல்லிக்கொண்டார்கள். பாவம், அதற்கு வேறு வேலையும் இல்லை.

இத்தகு நாட்டின்மேல் பகைவன் படையெடுத்தான். பாசி எனும் அப்பகைவன், இலைதோறும் ஏறி, கல்தோறும் படர்ந்து, கண்ணாடி மதிலிலும் தன் பச்சைக்கொடியை நாட்டினான். செடி செழித்தால் பாசி ஒழியும், செடி செழிக்கக் கரியமில வாயு எனும் கரிவளி வேண்டும் என்று மீன் கடைக்காரர் ஓதக் கேட்ட தராசார், சிலிண்டர் ஒன்றைச் சிசுவெனத் தோளில் சாய்த்து வீடு கொணர்ந்தார். காலையில் தொட்டியின் விளக்கெரிந்ததும் தானே திறந்து, மாலையில் விளக்கணைந்ததும் தானே மூடும் பொறியையும் பூட்டினார். சிறு குழாயில் தொட்டிநீர் முகந்து, துளித்துளியாய் மருந்து சொட்டி, நிறம் மாறும்வரை கண் இமையாது எண்ணி, நீரின் கடினத்தன்மை இது, அமிலத்தன்மை இது என்று அறிவித்தார். தம் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லி மனைவி கொடுத்த சீட்டு மட்டும் இன்னும் சட்டைப்பையில்தான் இருந்தது.

பின்னர், இருவரும் வீட்டிலிருந்த ஒரு ஞாயிறன்று, அறைநடுவே நின்று ஆணை பிறப்பித்தார்: "இன்று முதல் இந்த வீட்டில் காற்றுப் பம்பு ஓடக்கூடாது! நீரைக் கலக்கிக் கரிவளியைப் பறக்கவிடும் அத்துரோகி பரணுக்கு ஏற்றப்பட்டான்!" கேட்டவர்கள் குண்டுவும், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியும். குண்டு வாயைத் திறந்து மூடிற்று. மனைவி மூடியே வைத்திருந்தார்.

தொட்டியினுள்ளே சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்றும் தொங்கவிடப்பட்டது. கரிவளியின் அளவைத் தன் நிறத்தால் உரைக்கும் நிமித்திகன் அது. "பச்சை வரணும் சார். நீலம்னா பத்தல. மஞ்சள்னா மீன் காலி" என்று கடைக்காரர் சுருங்கச் சொல்லியிருந்தார். நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும், அவசரப்படக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். ஆனால் அந்நேரம் தராசார் சிலிண்டரை இரு கையாலும் தூக்கி, அதன்மேல் பொறித்த எடை மெய்தானா என்று நிறுத்துக்கொண்டிருந்தபடியால் அது செவியேறவில்லை. மேலும், சக்கரம் மேடையேறிய கணமே எண் மின்னும் உலகில் வாழ்ந்தவர் அவர். காட்டுகிற கருவி உடனே காட்டும் என்பதை அவர் ஐயுற்றதே இல்லை.

நாள்தோறும் மாலையில் வந்து நோக்குவார், குமிழ் நீலம். "போதவில்லையா? இதோ!" என்று சிலிண்டரின் திருகை ஒரு நூலளவு திருப்புவார். மறுநாளும் நீலம். மீண்டும் ஒரு நூல். வானம் வெளுத்தாலும் வெளுக்கும், அந்நீலம் வெளுக்காது என்றாயிற்று. கடைக்காரன் காலிச் சிலிண்டரைத் தலையில் கட்டிவிட்டானோ என்றுகூட அந்நல்லவர் மனம் கறுத்தது.

நிகழ்ந்தது வேறு. இரவுப்பணி முடித்து வந்த அம்மையார், குளித்துவிட்டுத் தொட்டியருகே அமர்வார். மூச்சுக்குத் தவிப்பவர்களை இரவெல்லாம் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு, குண்டுவின் செவுள் அடித்துக்கொள்ளும் வேகம் தப்புமா? பரணேறினார்; துரோகியை மீட்டார்; நீரில் இறக்கினார்; வெள்ளிக்குமிழிகள் பொங்கின; கரிவளி பறந்தது; குண்டு தெளிந்தது; அம்மையார் உறங்கினார். மாலையில் கிளம்புமுன் பம்பைத் துடைத்து, நாளும் பரணேற முடியாது என்பதால், கீழ் அலமாரியில் துண்டுகளுக்குப் பின்னே ஒளித்தார். சண்டைக்குப் பயந்தல்ல, சண்டை போட நேரம் வேண்டுமே. இவ்வாறு அவர் கூட்ட, இவள் கழிக்க, இருவரும் அறியாமலே இருவரும் பொருதனர்.

அடுத்த ஞாயிறும் வந்தது. மனைவிக்குப் பணிநேரம் பகலுக்கு மாறிற்று, விடியலிலேயே கிளம்பினார். தராசாருக்கோ விடுமுறை. நாற்காலியைத் தொட்டிக்கு முன்னே இழுத்துப்போட்டு, இன்று நீலத்தின் கதையை முடிப்பதெனச் சூளுரைத்து அமர்ந்தார். விளக்கெரிந்தது, கரிவளி சீறிப் பாய்ந்தது, தடுக்கப் பம்பில்லை. குமிழ் நீலம். திருகினார். நீலம். மேலும் திருகினார். அப்போது மீன்கள் ஒவ்வொன்றாய் மேலெழுந்து, நீர்ப்பரப்பில் அணிவகுத்து, வாயைத் திறந்து திறந்து மூடின. தம் வெற்றியைக் கண்டு குடிகள் வாழ்த்தொலி எழுப்புவதாகவே பெருமான் எண்ணி, சற்றுத் தலையசைத்தும் வைத்தார். பிறகு குண்டு ஒருபக்கமாய்ச் சாய்ந்தது.

வீரம் அத்துடன் போயிற்று. கைபேசியில் மனைவியை அழைத்தார்.

"ஏம்மா... குண்டு சாயுது."

"மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதா?"

"எல்லாமே மேலதான் இருக்கு. ஆனா நீலமாத்தான்மா காட்டுது, பச்சைகூட வரல."

"நீலத்தை விடுங்க, மீனைப் பாருங்க. முதல்ல அந்த கேஸை மூடுங்க. மூடியாச்சா? கீழ் அலமாரியில பம்ப் இருக்கு, எடுத்துப் போடுங்க."

"அதை நான் பரண்லல்ல போட்டேன்?"

"துண்டுக்குப் பின்னாடிங்க. போடுங்க, அப்புறம் பேசலாம்."

நோயாளியின் துணைக்கு நிற்பவரிடம் பேசும் அக்குரலுக்கு, லாரிகளை அடக்கிய மன்னர் அடிபணிந்தார். பம்பு முழங்கிற்று. "கால்வாசித் தண்ணி மாத்துங்க, குளோரின் போக மருந்து கலந்து வச்ச தண்ணியா பாத்து ஊத்துங்க" என்றது குரல். வாளி வாளியாய் இறைத்தார், ஊற்றினார், வழுக்கி விழுந்தார், எழுந்தார். "இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவள் தொடர்பைத் துண்டிக்காமலிருந்தாள். குண்டு போய்விட்டால் இனி யாரிடம் எதைச் சொல்வது என்று அவர் பயந்தார். அவளுக்கும் அதே பயம்தான் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

நெடுநேரம் கழித்துக் குண்டு நிமிர்ந்தது, தள்ளாடியது, கண்ணாடியருகே வந்து வாய் பார்த்தது. எல்லாம் முடிந்து தரையெங்கும் நீர் நின்ற அவ்வேளையில், கண்ணாடிக் குமிழ் சாவகாசமாய் நிறம் மாறி, ஆபத்து வருகிறது என்று மஞ்சள் கலந்த பச்சையில் அறிவித்தது. தராசார் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கருவியைத் திட்டினார்.

மாலையில் மனைவி வந்தபோது அவர் ஈரத்தரையில் அமர்ந்திருந்தார். கைப்பையைக்கூட வைக்காமல் அவளும் அருகே அமர்ந்தாள்.

"அப்போ இத்தனை நாளும் நீ பம்ப் போட்டுட்டு இருந்தியா?"

"தினமும்தான். அது மூச்சு வாங்கிட்டே இருந்தா நான் எப்படிங்க தூங்குறது?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்போ? வாசப்படியிலயா?"

பெருமான் தலைகுனிந்தார். பின்னர் அவ்வீரத்தரையிலேயே உடன்படிக்கை எழுந்தது: திருகு பாதிக்குக் குறைக்கப்படும், பம்பு சிறைமீளும், நிமித்திகன் சொல்லை மீனைக் கேட்டபின்பே நம்புவது. அதன்பின் லாரிகளின் கதை வந்தது. நோயாளிகளின் கதை வந்தது. காக்கையை விரட்டிய கதையைக் கேட்டு அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சட்டைப்பையிலிருந்த சீட்டு வெளிவந்து அதற்கும் ஒரு பாட்டு விழுந்தது. இருள் சூழ்ந்தும் விளக்கேற்ற எவரும் எழவில்லை. திங்கள் எழுந்ததோ விண்மீன் பூத்ததோ அவர்கள் அறியார்.

மீனுக்குத் தீனி போட ரெண்டு பேரும் மறந்துவிட்டார்கள்.