இடியாருக்குக் கேட்ட மணி

காது மந்தமாகிப்போன மனுஷன் முதலில் யாரைத் திட்டுவான், சொல்லுங்கள் பார்ப்போம்? எதிரில் பேசுகிறவரைத்தானே? "வாயைத் திறந்து பேசினால் என்ன, காலையில் சாப்பிடவில்லையா?" என்பான். நம்ம இடியார் அதற்கும் ஒருபடி மேலே போனார். கடல் தாண்டி இருக்கும் ஒரு பாட்டுக் குழுவையே திட்டிக்கொண்டிருந்தார்.

இடியார் என்பது பட்டப்பெயர். மீசை முளைக்கும் முன்பே ஹெவி மெட்டல் என்கிற இடிமுழக்கப் பாட்டைக் கேட்க ஆரம்பித்து, வீட்டுச் சுவரில் காரை உதிர வைத்தவர். பார்த்த வேலையும் அதற்கு ஏற்ற வேலை. இரும்பு பீரோ செய்யும் தொழிற்சாலையில் தகடு வெட்டும் மெஷினில் நின்றார். பகலில் மெஷின் அடிக்கும், சாயங்காலம் மெட்டல் அடிக்கும். இரண்டும் முறை வைத்து அடித்தால் பாவம், காது எங்கே போய் ஒளியும்?

அவர் உயிரையே வைத்திருந்த குழு ஒன்று. அதில் எல்லாருக்கும் தலை நரைத்து, இனி பாடவே மாட்டார்கள் என்று ஊரே முடிவு கட்டின பிறகு, ஒரு புது ஆல்பம் போட்டார்கள். இடியார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி குளித்து, சட்டை மாற்றி, ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து கேட்டார். முடியும்போது துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தார்.

"போச்சு. பாதிப் பாட்டு பரவாயில்ல, கும்முனு இருக்கு. மீதியில உசிரே இல்ல. பாடுறவனுக்குத் தொண்டை போயிடுச்சு. டிரம்ஸ்காரன் சிம்பல் தட்டுப் பக்கமே போகல."

"எனக்கு நல்லாத்தானே கேக்குது," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"மெட்டலைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"கல்யாணமான நாள்லேர்ந்து அதோடதானே குடித்தனம் பண்றேன். உங்களைவிட அதுதான் எங்கிட்ட அதிகமாப் பேசியிருக்கு."

அந்த வாரத்திலேயே அது நடந்தது. மனைவி மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போயிருந்தாள். தரையில் விளையாடிக்கொண்டிருந்த அவர்கள் பாப்பா பீரோக் கதவில் விரலைக் கொடுத்துவிட்டது. இடியார் வேலை செய்யும் இடத்திலிருந்து வந்த பீரோ. அவர் கையாலேயே வெட்டின தகடாகக்கூட இருக்கும். அவர் அதே அறையில்தான் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆல்பத்தின் அட்டையில் இருந்த பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். குழந்தை அலறின அலறலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாடியிலிருந்து மனைவி செருப்பில்லாமல் ஓடி வந்தாள். இடியார் நிதானமாக அட்டையைத் திருப்பினார்.

நகம் கறுத்துப்போயிருந்தது.

"அது அழவே இல்லையே," என்றார்.

அவள் பிஞ்சு விரலைத் தண்ணீரில் பிடித்தபடி அவரையே பார்த்தாள். மறுநாள் காலையில்தான் பேச்சை எடுத்தாள்.

"திங்கக்கிழமை நான் தையல் யூனிட்டுக்குத் திரும்பப் போகணும். மத்தியான ஷிப்ட். நீங்க காலை வேலை முடிஞ்சு வந்து பாப்பாவைப் பாத்துக்கறதாப் பேச்சு."

"பாத்துக்கறேன்."

"பாத்துக்குவீங்க. அது அழுதாக் கேட்டுக்குவீங்களா?"

"என்ன சொல்ல வர்றே?"

"காது டாக்டர்கிட்ட போங்க. அதுவரைக்கும் குழந்தையை உங்ககிட்ட விட்டுட்டு நான் வாசப்படி தாண்ட மாட்டேன்."

இடியாருக்குத் தெரியாமலா இருக்கிறது? தொழிற்சாலையில் சரக்கு தூக்கும் வண்டி பின்னால் வரும்போது கீக் கீக்கென்று கத்தும். சில மாதமாக அந்தக் கத்தல் அவரை வந்து சேர்வதில்லை. ஒருநாள் வண்டி சட்டையை உரசிக்கொண்டே போனது. டிரைவர் திட்டின திட்டில் பாதிதான் காதில் விழுந்தது. அந்த மட்டுக்கும் லாபம். ஆனால் வெளியே தெரிந்தால் மெஷினில் விட மாட்டார்கள். அட்டைப்பெட்டி ஒட்டுகிற மூலைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார். ஒரு காலத்தில் அவரை மாதிரித் தகடு வெட்ட ஆள் கிடையாது. இப்போது யார் எது சொன்னாலும் சிரிப்பார். சாவுச் செய்தி சொன்னபோதும் சிரித்தார்.

"என் காதுக்கு ஒண்ணுமில்ல," என்றார் இடியார். "ஞாயித்துக்கிழமை அந்த ஆல்பத்தைப் போடு. எந்தப் பாட்டுல எந்தச் சத்தம் எங்க வருதுன்னு ஒண்ணு விடாமச் சொல்றேன்."

"சொல்லிட்டா?"

"டாக்டர் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரி," என்றாள்.

இவ்வளவு சுளுவாகச் சரி சொல்கிற மனைவியை நம்பலாமா? இடியார் நம்பினார். சனிக்கிழமை சாயங்காலமே சலூனுக்கு ஓடினார். சலூன்காரரும் அதே குழுவுக்கு அடிமை; தலையில் முடி இருந்த காலத்திலிருந்து கூட்டாளி.

"தலைவா, புது ஆல்பத்துல எங்கெங்க என்னென்ன வருதுன்னு வரிசையாச் சொல்லு. மெல்லிசான சத்தமெல்லாம் முக்கியம்."

"ஏன், நீ கேக்கலையா?"

"என் ஸ்பீக்கர் சரியில்ல."

சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் இடியாரைப் பார்த்தார். பிறகு குனிந்து சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்ன சத்தத்தில் அடுத்த நாற்காலியில் சோப்பு நுரையோடு தூங்கின ஆள் துள்ளி எழுந்தார். "மூணாவது பாட்டுல பாடுறவன் உச்சியில போயி நிப்பான். அஞ்சாவது பாட்டு நடுவுல கிட்டார் எல்லாம் அடங்கிடும். அப்ப ஒரு மணிச்சத்தம் வரும் பாரு. சின்ன மணி. கண்ணுல தண்ணி வந்துடும்."

இடியார் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. பாப்பா கட்டுப்போட்ட விரலோடு அம்மா மடியில் இருந்தது. பாட்டு ஓடியது. இடியார் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது பாட்டில், "உச்சிக்குப் போறான் பாரு," என்றார். சரியாக இருந்தது. அவள் தலையாட்டினாள். அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. ஐந்தாவது பாட்டில் கிட்டார் அடங்கியது. அதற்கப்புறம் அவருக்கு அறையே கிணறு மாதிரி ஆகிவிட்டது.

"இதோ, மணி," என்றார். "என்ன மணி. கிழவனுங்கதான், ஆனா இப்படி ஒரு மணி அடிக்க வேற யாரால முடியும்?" சட்டை நுனியால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

மனைவி பாட்டை நிறுத்தினாள். அவர் முகத்துக்கு நேரே, வாய் தெரிகிற மாதிரி வந்து உட்கார்ந்தாள்.

"அதுல மணியே இல்லைங்க. நீங்க நேரா சலூனுக்குத்தான் போவீங்கன்னு தெரியும். நான்தான் முன்னாடியே போயி அந்த அண்ணன்கிட்ட மணின்னு சொல்லச் சொன்னேன்."

இடியாருக்கு முகம் செத்துப்போயிற்று. ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டார். "அப்ப அந்த எடத்துல என்னதான் வருது?"

"பாடுறவர் கிசுகிசுன்னு ஏதோ சொல்றார். இருட்டுல தனியா நிக்கிற ஆள் மாதிரி."

"நல்லாருக்கா?"

"அதுதான் இருக்கறதுலயே நல்லாருக்கு. பாதி நல்லது பாதி மட்டம்னு நீங்க சொன்னது சரிதான். ஆனா நீங்க திட்டுனதெல்லாம்தான் நல்ல பாதி."

இடியார் தரையைப் பார்த்தார். "தெரிஞ்சா மூலையில உக்கார வெச்சிடுவாங்க."

"வெக்கட்டும். உங்க சட்டையைத் துவைக்கிறது நான்தானே. முதுகுல வண்டி கிரீஸ் எப்படி வந்துச்சுன்னு நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரியாதா? மூலையில உக்காந்திருந்தா வீடு திரும்பி வருவீங்க. நாளைக்குக் காலையில லீவு போடுங்க, டாக்டர்கிட்ட சொல்லி வெச்சாச்சு."

இடியார் எட்டிப் பிடித்து, அவள் புடவை நுனியைக் கையில் வைத்துக்கொண்டார்.

"நீயும் கூட வா. அந்த டாக்டர் மெல்லப் பேசுற ஆளா இருந்தா, என்ன சொன்னார்னு நீ கேட்டுச் சொல்லு."