ஒறம்பரை வந்த அன்னைக்கு ராக்கி உக்காந்த கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. நாலு மணிக்குள்ள ராக்கியைக் கொண்டுபோய்ப் பின்னாடி கொய்யா மரத்துல கட்டணும்.

ஒரு நாய், ஒரு சங்கிலி, ஒரு மரம். இதுல என்ன கெட்டுப்போகும்னு கேக்கறீங்களா? நானும் அப்படித்தான் நெனச்சேன்.

தொண்ணூறுகளோட கடைசி அது. எங்க வீடு சிங்காநல்லூர். ஒரு மில்லுல கம்ப்யூட்டர் செக்ஷன்ல வேலை எனக்கு. வயசு முப்பத்தொண்ணு. அதுவரைக்கும் வந்த ஏழு ஜாதகமும் வந்த வழியே போயிருச்சு. எட்டாவதா வந்ததுதான் அன்னூர் சுமதி. போய்ப் பாத்துட்டு வந்தோம். அம்மாவுக்குப் புடிச்சுது, அப்பாவுக்குப் புடிச்சுது, எனக்குக் கொஞ்சம் ஓவராவே புடிச்சுப்போச்சு.

இனி பொண்ணு வீட்டுக்காரங்க வந்து எங்க வீட்டைப் பாக்கணும். வந்து, உக்காந்து, காப்பி குடிச்சு, "சரிங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது.

நடுவுல நாய்.

ராக்கிக்கு ஒரு காது மட்டும் அல்சேஷன். மத்ததெல்லாம் சிங்காநல்லூர். கடிக்காது. ஆனா யார் வந்தாலும் பாசத்துல முன்னங்கால் ரெண்டையும் தூக்கி அவங்க தோள்ல வெச்சிரும். எங்க வீட்டுக்கு வெள்ளை வேட்டியோட வந்தவங்க யாரும் வெள்ளை வேட்டியோட திரும்பிப் போனதில்லை.

பொண்ணு பாக்கப் போன எடத்துல சுமதியோட அம்மா அதைத்தான் மொதல்ல கேட்டாங்க.

"ஏனுங் தம்பி, உங்கூட்ல நாயி இருக்குதாமா? எனக்கு நாயின்னாலே ஆகாதுங்க."

எனக்கு வாய் சும்மா இருக்கணுமே! "அதெல்லாம் ட்ரெய்னிங் குடுத்திருக்கறனுங்க. ஒறம்பரை, விருந்தாளின்னு யார் வந்தாலும் சமத்தா உக்காந்துக்கும்"னு சொல்லிப்போட்டேன்.

பொறந்ததுல இருந்து ராக்கி யாருக்காகவும் உக்காந்ததில்லை. ஆனா அவங்க, "அப்ப அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம வாரமுங்க"ன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு வெள்ளிக்கெழமை. கையில முழுசா ஒரு வாரம்.

மறுநாளே காந்திபுரத்துல புதுசா தொறந்திருந்த ப்ரவுசிங் சென்டருக்கு ஓடினேன். மாடிப்படி ஏறி, அரை மணி நேரம் வரிசையில உக்காந்து, நாய் வளக்கறவங்க கூடிப் பேசற ஒரு எடத்தைத் தேடிப் புடிச்சு, என் கஷ்டத்தை எழுதிப் போட்டேன். அடுத்த நாள் போனா பதினாலு பதில்!

இந்தக் கூட்டத்தைப் பத்தி அப்ப நான் தெரிஞ்சுக்கிட்டது என்னன்னா, அவங்களும் நம்மாளுங்கதான். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒருத்தர்கிட்ட வழி கேட்டுப் பாருங்க. அஞ்சு பேர் சொல்லுவாங்க, ரெண்டு பேர் கூடவே வருவாங்க. அங்கயும் அதே கதைதான். கனடாவுல இருந்து ஒரு அம்மா, பேரும் தெரியாது மூஞ்சியும் தெரியாது, எனக்காக ஒரு பக்கம் எழுதியிருந்தாங்க.

நாயை அடிக்கக்கூடாது, அதட்டக்கூடாது. அது தாவறதே நீங்க கவனிக்கணும்னுதான். அதனால ஆள் வரும்போது வீட்ல இருக்கற எல்லாரும் முதுகைக் காட்டித் திரும்பி நிக்கணும். மூச்சு விடக்கூடாது. அதுவா உக்காந்ததும் மனசுக்குள்ள பத்து எண்ணணும். அப்பறந்தான் பேசணும். வீட்ல ஒருத்தர் மாறினாலும் நாய் குழம்பிப்போயிரும்.

இன்னொருத்தர், ராக்கி குக்கர் விசிலுக்கே கட்டிலுக்கடியில போறதுக்கு வைத்தியம் சொல்லியிருந்தார். பயமுறுத்தற சத்தமாப் பாத்து ரெக்கார்ட் பண்ணி, தினமும் போட்டு, பிஸ்கட் குடுத்துப் பழக்கணுமாம். அது எனக்கு ரொம்ப சுலபம். பேய்ப்படம்னா எனக்கு உசுரு. வாடகை கேசட் எடுத்துட்டு வந்து, டிவி ஸ்பீக்கர்கிட்ட டேப் ரெக்கார்டரை வெச்சு, கதவு கிறீச்சிடறது, இடி, பொம்பளை அலர்றது, பேய் சிரிக்கறதுன்னு ஒரு பக்கம் முழுக்கப் புடிச்சு வெச்சேன்.

இங்கிலீஷ் பேய்ப்படத்துல எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. அந்தப் பேய்களுக்கெல்லாம் காலியா ஒரு பங்களா வேணும். நம்ம வீட்ல பேய்க்கு ரூம் ஏது? எந்த ரூமைத் தொறந்தாலும் யாராவது ஒரு சித்தப்பா படுத்திருப்பார்.

சரி, சத்தம் முடிஞ்சுது. திரும்பி நிக்கற விஷயத்துலதான் அம்மா புடிச்சுக்கிட்டாங்க.

"ஏங்கண்ணு, வாசல்ல வந்து நிக்கறவங்கள வாங்கன்னு கேக்காம முதுகக் காட்டறதா? ஊருக்குள்ள நம்மள என்னன்னு பேசுவாங்க?"

அம்மா சொன்னது நியாயந்தான். எங்க பக்கத்துல வாசல்ல தலை தெரிஞ்ச ஒடனே "வாங்க"ன்னு கேட்டுரணும். சண்டைக்காரனா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் சண்டை போடணும். அந்த ஒரு "வாங்க" இல்லாமப் போயி இருபது வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளை எனக்கே தெரியும்.

"ஒரு வாரந்தாம்மா. என்ற கல்யாணத்துக்காக"ன்னு கெஞ்சினேன். அம்மா கண்ணைத் தொடைச்சுக்கிட்டு ஒத்துக்கிட்டாங்க. அப்பா மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிடையர் ஆனவர். அவருக்கு ரூல்னா ரூல்தான். கனடாக்காரம்மா எழுதினதை ஒரு தாள்ல தமிழ்ல எழுதி வாங்கி, பிரிட்ஜ் மேல ஒட்டிட்டார்.

திங்கக்கெழமை பால்காரர் வந்தார். மூணு பேரும் திரும்பினோம். மனுசன் பாலை ஊத்திட்டுப் போயிட்டார். செவ்வாய்க்கெழமை போஸ்ட்மேன். புதன்கெழமை பக்கத்து வீட்டு சரோஜாக்கா கருவேப்பிலை கேட்டு வந்து, எங்க மூணு முதுகையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க.

"ஏனுங்கக்கா, நான் என்ன பண்ணிப்போட்டேன்? இருந்தா இருக்குதுன்னு சொல்லுங்க, இல்லாட்டி இல்லைன்னு சொல்லுங்க!"

அம்மா செவுத்தைப் பாத்து எண்ணிக்கிட்டே அழுதாங்க. சரோஜாக்கா அதுக்கப்பறம் எங்க பக்கம் தலை வெச்சுப் படுக்கல.

ராக்கி மட்டும் மாறவே இல்லை. தோள்ல வெச்சுக்கிட்டிருந்த காலை முதுகுல வெச்சுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சனிக்கெழமை நான் தோல்வியை ஒத்துக்கிட்டேன். "நாளைக்கு ட்ரெய்னிங்கெல்லாம் லீவு. நாயை நான் பின்னாடி கட்டிருவேன். நீங்க பாட்டுக்கு வாய் நெறைய வாங்கன்னு கேளுங்க"ன்னு சொன்னதும் அம்மா மூஞ்சி அப்படியே மலர்ந்துபோச்சு.

ஞாயித்துக்கெழமை. நாலரைக்கு ராகு காலம். அதனால நாலு மணிக்கு வாரோம்னு தாக்கல் சொல்லி விட்டிருந்தாங்க. மூணு மணிக்கு நான் ஹால்ல ஸ்டூல் போட்டு ஏறி கர்ட்டன் மாட்டிக்கிட்டிருந்தேன். அம்மா சமையல் ரூம் வாசப்படியில தேங்கா பர்பியைத் தட்டுல அடுக்கிக்கிட்டிருந்தாங்க. அப்பா சேர்ல பேப்பர். கட்டறதுக்கு முன்னாடி கடைசியா ஒருக்கா பழகட்டுமேன்னு டேப் ரெக்கார்டர்ல பேய் ஓடிக்கிட்டிருந்துச்சு. ராக்கி பக்கத்துல பிஸ்கட் தின்னுக்கிட்டிருந்துச்சு.

ராகு காலத்துல மாட்டிக்கக் கூடாதுன்னு அவங்க மூணு இருபதுக்கே வந்துட்டாங்க.

'டடக்'குன்னு கேட் சத்தம். ராக்கி எந்திரிச்சு வாசலுக்குப் பாஞ்சுது.

அம்மா தட்டோட சமையல் ரூம் பக்கம் திரும்பினாங்க. அப்பா பேப்பரை மடிச்சுட்டு எந்திரிச்சு செவுத்தைப் பாத்து நின்னார். நான் ஸ்டூல் மேலயே ஜன்னல் பக்கம் திரும்பினேன். யாரும் யோசிக்கல. ஒரு வாரமா நான் நாயைப் பழக்கலை, வீட்டைப் பழக்கியிருக்கறேன்.

ஜன்னல் கண்ணாடியில தெரிஞ்சுது. வாசல்ல சுமதியோட அப்பா, அம்மா, பழத்தட்டோட தாய்மாமா. அவங்க முன்னாடி ராக்கி.

உக்காந்திருந்துச்சு!

நாலு காலும் தரையில. நெஞ்சை நிமித்தி, காதைத் தூக்கி, வாலை ஆட்டிக்கிட்டு, அவ்வளவு மரியாதையா. எனக்கு மேல் புல்லரிச்சுப்போச்சு. உண்மையைச் சொல்றேன், அந்த நிமிஷம் எனக்குக் கல்யாணமே மறந்துபோச்சு. இத்தனை பாடுபட்டு வந்த பலனைக் கெடுத்துரக்கூடாதுன்னு எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு. ரெண்டு.

"ஏனுங்க..." சுமதியோட அப்பா கூப்பிட்டார்.

மூணு. நாலு. டேப்புல கதவு கிறீச்சிட்டுது.

"ஏனுங்க, ஊட்ல எல்லாரும் சௌக்கியந்தானுங்களே?"

அஞ்சு. ஆறு. இடி இடிச்சுது.

"மச்சா, ஊடு மாறி வந்துட்டமாட்ட இருக்குது"ன்னார் தாய்மாமா.

ஏழு. எட்டு. பேய் சிரிச்சுது. வயித்துல இருந்து எடுத்துச் சிரிச்சுது. சுமதியோட அம்மா, "மாரியாத்தா!"ன்னு ஒரு சத்தம் போட்டுட்டுக் கார்கிட்ட ஓடினாங்க.

பத்து! நான் துள்ளித் திரும்பி, ரெண்டு கையையும் விரிச்சு, "வாங்க! வாங்க!"ன்னு கத்தினேன். ஸ்டூல் சாஞ்சுது. கர்ட்டனைச் சுத்திக்கிட்டு நான் வாசப்படி வரைக்கும் உருண்டுபோயி விழுந்தேன். சரியா அதே நேரத்துல டேப்புல பொம்பளை அலறினா.

தாய்மாமா பழத்தட்டை ராக்கிக்கு முன்னாடி வெச்சுட்டு ஓடினார். அம்பாசிடர் ரிவர்ஸ்லயே தெருமுனை வரைக்கும் போச்சு.

அப்பா இன்னும் செவுத்தைப் பாத்துத்தான் நின்னுக்கிட்டிருந்தார்.

"ஏம்ப்பா, இப்பத் திரும்பலாமா?"ன்னு கேட்டார்.

அன்னைக்கு அம்மா என்கிட்டப் பேசல. திங்கக்கெழமை காலையில ப்ரவுசிங் சென்டருக்குப் போயி, இப்படி ஆயிப்போச்சு, எட்டாவது ஜாதகமும் போச்சு, என்ன பண்றதுன்னு எழுதிட்டு வந்தேன். சாயங்காலம் பாத்தா இருபத்திரெண்டு பதில். "உக்காந்துருச்சா! சபாஷ்! ஒரு பிஸ்கட் குடுங்க!" இருபத்திரெண்டும் அதேதான். என் கல்யாணத்தைப் பத்தி ஒருத்தரும் கண்டுக்கல.

வேற வழி இல்லாம செவ்வாய்க்கெழமை லீவு போட்டுட்டு அன்னூருக்கு பஸ் ஏறினேன். சுமதியோட அப்பா வாசல்ல மோட்டாரைக் கழட்டி வெச்சுட்டு உக்காந்திருந்தார். என்னைப் பாத்ததும் மொகம் இறுகிருச்சு. ஆனாலும், "வாங்க தம்பி"ன்னார்.

அத்தனை கோவத்துலயும் கேட்டார் பாருங்க. அங்கயே எனக்குப் பாதி உசுரு போயிருச்சு.

நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். கனடா, முதுகு, பத்து எண்ணறது, பிரிட்ஜ் மேல ஒட்டின தாளு, கேசட், கடைசியா எங்கப்பா கேட்டது, ஒண்ணு விடல. "பொய் சொன்னது நான்தானுங்க. ட்ரெய்னிங்கும் குடுக்கல, ஒண்ணும் குடுக்கல. எங்கப்பா அம்மா மேல தப்பு இல்லீங்க. அவங்க யாரையும் வாங்கன்னு கேக்காம இருந்ததே இல்லீங்க."

அவர் ஸ்பேனரைத் தொடைச்சுக்கிட்டே இருந்தார்.

உள்ள ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கப் பாத்து, முடியாம, பொத்துக்கிட்டுச் சிரிச்சாங்க. சுமதி! சிரிச்சு ஓய்ஞ்சு, "அப்பா, அவங்கப்பா நெசமாவே திரும்பலாமான்னு கேட்டாராமா? எனக்கு இந்த ஊடே போதுங்கப்பா"ன்னு உள்ள இருந்தே சொல்லுச்சு.

அவர் ஜன்னலைப் பாத்தார். என்னைப் பாத்தார். பெருமூச்சு விட்டார்.

"சரிங் தம்பி. புள்ள ஆசைப்படுது, குடுக்கறமுங்க. ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன். உங்க மூணு பேர நம்பிக் குடுக்கலீங்க. அன்னைக்கு அந்த ஊட்ல வந்தவங்கள மூஞ்சி குடுத்துப் பாத்தது அந்த நாயி ஒண்ணுதானுங்க."

மாப்பிள்ளையைப் பாக்காம நாயைப் பாத்துப் பொண்ணு குடுத்தது, கோயமுத்தூர் ஜில்லாவுலயே எங்க கல்யாணம் ஒண்ணாத்தான் இருக்கும்.