ஸ்பானிஷ் பேரறிஞரும் ஒரே ஒரு நாற்காலியும்

தோற்றவன் எழுதிய கதை என்று நினைத்து இதைப் படிக்காதீர்கள். நான் தோற்கவில்லை. ஸ்பெயினுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு என்று யாரிடம் வேண்டுமானாலும் வாதாடத் தயார். என் மனைவி கிருஷ்ணவேணியிடம் மட்டும் முடியாது. அவள் வேலையாக இருப்பாள்.

எங்கள் ஒரே மகள் ஜீவிதா ஸ்பெயினில் வலென்சியா என்ற ஊரில் மேல்படிப்பு படித்தாள். ஜூலை இருபத்தைந்தாம் தேதி பட்டமளிப்பு விழா. பிப்ரவரியிலேயே போன் செய்துவிட்டாள்.

"ஒருத்தருக்கு ஒரு கெஸ்ட்தாம்பா. ஒரே ஒரு சீட்டு. என் ரூமும் ஒருத்தர் தங்கற அளவுதான். நீங்களா அம்மாவான்னு நீங்களே பேசிக்கோங்க, என்னை இழுக்காதீங்க. விசா மட்டும் ரெண்டு பேரும் எடுத்து வெச்சிடுங்க. ஜூன் பத்தாம் தேதி பேரைச் சொன்னா டிக்கெட் போட்டுடறேன்."

போனை வைத்ததும் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்துவிட்டேன். மனதளவில்.

"வேணி, நியாயமா பேசுவோம். அங்க போனா அந்த ஊர் பாஷை தெரியணும். யாருக்கு ஸ்பானிஷ் தெரியுதோ அவங்க போகட்டும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கத்துக்குவேன். நாலு மாசம் இருக்குது."

வேணி பட்டுப் புடவைகளுக்குக் குச்சு முடிப்பவள். பிள்ளையார்பாளையத்தில் பாதிப் புடவைகளின் முந்தானை அவள் விரல் வழியாகத்தான் கடைக்குப் போகிறது. புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"சரி."

முப்பது வருட இல்லறத்தில் முதல் வாதத்திலேயே அவள் 'சரி' சொன்னது அதுதான் முதல் தடவை. எச்சரிக்கையாகி இருக்க வேண்டும். நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பாடம் ஆரம்பித்தது. கைப்பேசியில் ஒரு செயலி. அதற்குள் ஒரு பெண் குரல். நான் எதைச் சொன்னாலும் 'பிரமாதம்' என்றது.

"அந்தப் பொண்ணு உங்களைப் பார்த்ததில்ல போல" என்றாள் வேணி.

நான் பொருட்படுத்தவில்லை. முப்பத்தொரு வருடம் ஒரு நாளிதழில் பிழை திருத்தியவன் நான். அமைச்சர்களின் பெயரில் விழுந்த கொம்புகளையே பிடுங்கி எறிந்தவன். ஸ்பானிஷ் இலக்கணம் எனக்கு எம்மாத்திரம்?

எம்மாத்திரம் என்பது இரண்டாவது வாரம் தெரிந்தது. அந்த மொழியில் அஃறிணை என்ற பேச்சே இல்லை. கதவு பெண். கார் ஆண். மேசை பெண்.

"டேபிளு பொம்பளையா?" என்றாள் வேணி.

"ஆமா."

"அதான் எல்லாத்தையும் அது தலையில ஏத்தி வெச்சிருக்கீங்க."

'இருக்கிறேன்' என்பதற்கு இரண்டு வினைச்சொற்கள். ஒன்று நிலையாக இருப்பதற்கு, இன்னொன்று அப்போதைக்கு இருப்பதற்கு. "நான் தமிழனாக இருக்கிறேன்" என்றால் முதல் வகை. "நான் களைப்பாக இருக்கிறேன்" என்றால் இரண்டாவது வகை. இதை அவளுக்கு விளக்கினேன்.

"நீங்க ரிட்டையர் ஆகி சும்மா இருக்கறீங்களே, அது எந்த இருக்கறது?"

பாடத்தை அன்றைக்கு அத்துடன் மூடினேன்.

ஆனால் விடுவேனா? இலக்கணம் முரண்டு பிடித்தால் என்ன, கொச்சைப் பேச்சு இருக்கிறது. தெருவில் இறங்கினால் அதுதான் சோறு போடும். அங்கே இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் 'தீயோ' என்று கூப்பிடுவார்களாம். நேர்ப் பொருள் சித்தப்பா, மாமா. புழக்கத்தில் 'மச்சி'.

"நம்ம ஆட்டோ ஸ்டாண்டு பசங்க மாமான்றாங்க. இதுக்கா கோழி கூவறதுக்கு முன்ன எழுந்துக்கினு கத்திக்கினு இருக்கீங்க?"

"இதைக் கேளு. 'நீ பால்'னு சொன்னா, நீ பிரமாதமான ஆளுன்னு அர்த்தம்."

"நம்ம ஊர்ல ஒரு ஆளையும் பாலையும் சேர்த்துப் பேசினா சுடுகாட்டுலதாங்க பேசுவாங்க."

"ஒருத்தர் மனசுல பட்டதைப் பட்டுன்னு பேசினா, 'அவ நாக்குல முடி இல்லை'ன்னு சொல்வாங்க. உன்னைத்தான் நினைச்சேன்."

"எனக்கு நாக்குல இல்ல, உங்களுக்குத் தலையில இல்ல. பொருத்தம் பார்த்துதான் கட்டி வெச்சிருக்காங்க."

இப்படி அவள் கேலி செய்தது வீட்டுக்குள் மட்டும்தான். வெளியே அவள் வேறு பெண்மணி. குச்சுக்குப் புடவை கொண்டு வருபவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரு ஸ்பானிஷ்ல பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு" என்றாள். காய்கறிக்காரியிடம் சொன்னாள். ஓரிக்கையில் இருக்கும் தன் அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னாள். தெருவில் என்னைப் பார்த்து வணக்கம் போடுகிறவர்கள் பெருகினார்கள். மனைவி வாயால் புகழ் வளரும் கணவன் காஞ்சிபுரத்திலேயே நான் ஒருவன்தான் என்று நினைத்து, கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

ஜூன் முதல் வாரம் வீரபத்திரன் வந்தார். தெருமுனை அம்மன் கோயில் விழாக்குழுச் செயலாளர். ஆடி வெள்ளியில் கூழ் ஊற்றும் விழாவை எடுத்து நடத்துபவர்.

"சார், இந்த வருசம் நம்ம கூழுக்கு ஸ்பெயின்காரங்க முப்பது பேரு பஸ்ல வர்றாங்களாம். அம்மனைப் பத்தி, கூழைப் பத்தி அவங்க பாஷையில மைக்ல சொல்றதுக்கு உங்களை விட்டா ஆளு இல்ல. வேணியக்கா சொல்லிச்சு."

"அவருக்கு நேரம் இருக்குமான்னு தெரியலப்பா" என்றாள் வேணி உள்ளிருந்து.

"ஏன் இருக்காது?" என்றேன் நான்.

இரண்டு நாளில் நோட்டீஸின் மெய்ப்பை, அச்சுக்குப் போகும்முன் திருத்தக் கொண்டு வந்தார். எங்கள் ஊரில் கோயில் நோட்டீஸில் பெயர் எந்த வரிசையில் வருகிறது என்பதற்காக அண்ணன் தம்பிகள் பாகம் பிரிந்திருக்கிறார்கள். என் பெயர் ஒன்பதாவதாக, கூழுக்குக் கேழ்வரகு கொடுத்தவருக்குக் கீழே, 'திரு. ராமலிங்கம்' என்று மொட்டையாக இருந்தது. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு அதைத் தொடவில்லை. உள்ளங்கையில் ஒரு கோடு போட்டு மை வருகிறதா என்று பார்த்தேன்.

பெயரை இரண்டாம் இடத்துக்கு ஏற்றினேன். முன்னால் 'ஸ்பானிஷ் மொழிப் பேரறிஞர்' என்று சேர்த்தேன். எழுத்தின் அளவைக் கூட்டச் சொல்லிக் குறி போட்டேன்.

"இடம் பத்தாது சார்" என்றார் வீரபத்திரன்.

குச்சு முடித்துக்கொண்டிருந்த வேணி தலையைத் தூக்காமல் சொன்னாள். "மேல தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதின்னு ரெண்டு வரி இருக்குது பாருங்க. ஆடி ஒன்பதுன்னு இருந்தா போதாதா? அம்மனுக்கு எதுக்கு இங்கிலீஷ் தேதி? அதை அடிச்சிட்டா உங்க பட்டத்துக்கு இடம் கிடைக்கும்."

எவ்வளவு நல்ல யோசனை. இங்கிலீஷ் தேதியை ஒரே கோடாக அடித்தேன். அடிக்கிற வரியை நான் படிப்பதில்லை. போகிற வரியில் பிழை பார்த்து என்ன பயன்? முப்பத்தொரு வருடப் பழக்கம். கீழே 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீரபத்திரன் ஐயம்பேட்டை அச்சகத்துக்கு வண்டியை விட்டார்.

ஜூன் பத்து. ஜீவிதாவின் போன்.

"யாருப்பா?"

"நான்தான்" என்றேன். "ஸ்பானிஷ் தெரிஞ்சவன் நான்தானே. அம்மாவே ஒத்துக்கினாங்க."

வேணி போனை ஸ்பீக்கரில் போட்டாள். அன்று வீட்டுக்கு வந்திருந்த நோட்டீஸையும் சுவரில் இருந்த நாள்காட்டியையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தாராளமா போகட்டும். ஆடி ஒன்பது என்னைக்குன்னு மட்டும் ஒரு தடவை பார்த்துடச் சொல்லு."

தாள்களைத் தள்ளிப் பார்த்தேன். ஆடி ஒன்பது. ஜூலை இருபத்தைந்து. வெள்ளிக்கிழமை.

"வேணி, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நோட்டீஸைப் படிச்சுக் கையெழுத்துப் போட்டது நீங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு வீரபத்திரனைத் தேடி ஓடினேன். அவர் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். தெருமுனையில் என் படம் போட்ட பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மன் படத்துக்கும் என் படத்துக்கும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

"நானூறு வீட்டுக்கு நோட்டீஸ் குடுத்தாச்சு சார். அம்மன் பேருக்குக் கீழ உங்க பேரு. இப்ப வரலன்னா தெருவுல இன்னா பேசுவாங்க? ஆடி மாசத்துல அம்மனைப் பகைச்சுக்க வேணாம் சார். அப்படியும் போவணும்னா சொல்லுங்க, பேனரைக் கழட்டிடறேன்."

பேனரை நிமிர்ந்து பார்த்தேன். 'பேரறிஞர்' என்பதில் ஒரு பிழைகூட இல்லை. கழட்டச் சொல்வேனா?

வீட்டுக்கு வந்து அறிவித்தேன். "முப்பது ஸ்பெயின்காரங்க என்னைத் தேடி என் தெருவுக்கு வர்றாங்க. நான் எதுக்கு அவங்களைத் தேடிப் போகணும்? நான் போகல. இது என் முடிவு."

"உங்க இஷ்டம்" என்றாள் வேணி. அதற்குள் போனில் மகளுக்கு பாஸ்போர்ட் எண்ணைப் படித்து முடித்திருந்தாள்.

ஜூலை மூன்றாம் வாரம் அவள் விமானம் ஏறினாள். நான் கண்ணாடி முன் நின்று, கூழை ஸ்பானிஷில் விளக்கப் பயிற்சி எடுத்தேன். கேழ்வரகுக்கு அங்கே சொல்லே கிடைக்கவில்லை. 'கறுப்பான நல்ல கஞ்சி' என்று வைத்துக்கொண்டேன். நல்லது என்பதற்கு எந்த 'இருக்கிறது' வரும் என்பதை ஐந்து நாள் ஆராய்ந்து முடிவு செய்தேன்.

ஆடி ஒன்பதும் வந்தது. பட்டு வேட்டியில், மைக் முன்னால் நான். பன்னிரண்டு மணிக்கு அம்மனுக்குப் படைத்தார்கள். ஒரு மணிக்குக் கூழ் ஊற்றினார்கள். இரண்டு மணிக்கு அண்டாவைச் சுரண்டும் சத்தம் கேட்டது. நான் மட்டும் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வீரபத்திரா, பஸ்ஸுக்கு போன் போட்டியாப்பா?"

"எந்த நம்பருக்கு சார் போடறது? எனக்கின்னா தெரியும்? முப்பது பேரு வர்றாங்கன்னு அக்காதான் சொல்லிச்சு."

இரண்டரை மணிக்கு வேணியை வீடியோவில் அழைத்தேன். அரக்குக் கலர் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. அந்த ஊரில் மல்லிகைப் பூவை எங்கே பிடித்தாளோ தெரியவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் கறுப்பு அங்கியில் ஜீவிதா கை ஆட்டினாள்.

"வேணி, தெருவே என் வாயைப் பார்த்துக்கினு நிக்குது. அந்த முப்பது ஸ்பெயின்காரங்க எங்க?"

அவள் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. போனை மெதுவாக அந்த மண்டபத்தைப் பார்த்துத் திருப்பினாள். வரிசை வரிசையாகத் தலைகள்.

"முந்நூறு பேரு இருக்காங்க. பேசுங்க."