தீவுக்கு வந்த இளநிலை உதவியாளர்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான் என்கிறார்கள். சக்கரத்தைக் கண்டுபிடித்தான் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் நெருப்பை மூட்டச் சொன்னால் மூட்டவும், சக்கரத்தை உருட்டச் சொன்னால் உருட்டவும் தனக்குக் கீழே இன்னொருவனை அவன் கண்டுபிடித்தானே, நாகரிகம் உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்கியது. இந்தப் பேருண்மையை நம் கண்காணிப்பாளர் அளவுக்கு உணர்ந்தவர் பூமியில் வேறு எவரும் இலர்.

அவர் குடிநீர் வழங்கல் துறையில், புதிய இணைப்புப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 'ஓய்வு பெற்றவர்' என்பது துறையின் கருத்து. அவருடைய கருத்து அதுவல்ல. வழியனுப்பு விழா முடிந்த மறுநாள் காலையில், குளித்து, சட்டையை உள்ளே விட்டு, சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அலுவலகத்திலிருந்து 'நினைவாக' எடுத்து வந்திருந்த மேசை மணியை ஒரு தட்டுத் தட்டினார்.

யாரும் வரவில்லை. இன்னொரு தட்டு.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். "என்னங்க, ஏதாவது கீழ விழுந்துடுச்சா?"

"கூப்பிட்டேன்."

"அதுக்கு எனக்குப் பேர் இருக்குல்ல?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டா நாளைக்கு நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவ. மணிதான் முறை."

அன்று முதல் அந்த வீடு நல்லாட்சி கண்டது. உப்பு குறைந்ததற்கு மனைவியிடம் விளக்கம் கோரப்பட்டது. விளக்கம் திருப்தியளிக்கவில்லை. பின்னறையில் கணினி வைத்து ஒரு கம்பெனிக்கு வேலை செய்துவந்த மகள், படுக்கையிலிருந்து மேசைக்குத் தாமதமாக வந்ததற்காக எச்சரிக்கப்பட்டாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பவர்கள் என்ன நோக்கத்துக்காகத் திறக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என்றும் வாய்மொழி ஆணை பிறந்தது.

மனைவி பொறுத்தார், பொறுத்தார், கடைசியில் கரண்டியோடு வந்து நின்றார்.

"இங்க பாருங்க. இந்த வீட்ல ஒண்ணு அந்த மணி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

கண்காணிப்பாளர் கண்ணை மூடிச் சற்று யோசித்தார்.

"பரிசீலிக்கிறேன்" என்றார்.

அம்மா பெட்டியில் துணி அடுக்குவதைப் பார்த்த மகள், அன்றே தன் பழைய கணினியை முன்னறையில் கொண்டுவந்து வைத்து, அப்பாவுக்கு ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். ஆளில்லாத் தீவு. கையில் ஒன்றுமில்லை. மரம் வெட்டிக் குடிசை போட்டு, தண்ணீர் தேடி, ஓநாய்க்குத் தப்பிப் பிழைத்துக் கிடக்கவேண்டும்.

"இதுல எப்படி ஜெயிக்கிறது?"

"ஜெயிக்கிறதெல்லாம் கிடையாதுப்பா. சாகாம நாளை ஓட்டணும், அவ்வளவுதான்."

"நம்ம டிபார்ட்மென்ட் மாதிரியே இருக்கே!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தீவில் அவருடைய உருவம் ஒரு மரத்தடியில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"மரத்தை வெட்டுங்கப்பா."

"யாரு?"

"நீங்கதான்."

கண்காணிப்பாளர் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் முகத்தில் எழுந்த வேதனையை விவரிக்கத் தமிழில் சொல் இல்லை. பணிவாழ்க்கை முழுவதும் தன் பேனாவுக்குத் தானே மூடி போட்டறியாத மனிதரிடம் கோடாரியைக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

மகள் விடவில்லை. இந்த விளையாட்டுக்கென்று யாரோ புண்ணியவான் ஓய்வு நேரத்தில் செய்து இலவசமாக வெளியிட்டிருந்த ஓர் ஒட்டுநிரலைத் தேடிப் பிடித்தாள். அதைச் சேர்த்தால், செயற்கை நுண்ணறிவுத் துணைவன் ஒருவன் தீவில் வந்து நிற்பான். பேசுவான், கேட்பான், கூடமாட வேலை செய்வான்.

"நீங்க பேசறதைப் பார்த்துத்தான்ப்பா அவன் எல்லாத்தையும் கத்துப்பான். இப்ப பச்சைக் குழந்தை மாதிரி. நீங்க வளர்க்கிற விதம்தான்."

துணைவனுக்குப் பெயர் வைக்கும்படி திரை கேட்டது. கண்காணிப்பாளர் தயங்கவே இல்லை. 'இளநிலை உதவியாளர்' என்று தட்டினார்.

பச்சைச் சட்டை போட்ட ஓர் இளைஞன் கடற்கரையில் தோன்றினான். அவரைப் பார்த்தான். பார்த்ததும் ஓடினான். சுனையிலிருந்து குவளை நிறையத் தண்ணீரோடு திரும்பி வந்தான்.

"வணக்கம் சார்! உங்களுக்குத் தாகம். இந்தாங்க, குடிங்க."

மகள் கைதட்டினாள். கண்காணிப்பாளரின் புருவம் ஏறியது.

"நான் கேட்டேனா?"

"இல்ல சார். மேல அந்த நீலக் கோடு குறையுது. தாகம்னு அர்த்தம்."

"குறையட்டும். கேக்காமலே கொடுத்தா என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

"இந்தத் தீவுல நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரும் இல்லையே சார்."

"வருவாங்க. தண்ணியைத் திரும்ப ஊத்து."

ஊற்றினான். அந்தக் கணத்தில் ஒரு மாபெரும் பயிற்சித் திட்டம் தொடங்கியது. யாராவது ஏதாவது கேட்டு வந்தால் 'இது நம்ம செக்ஷன் இல்லையே' என்று சொல்ல வேண்டும். மறுபடி வந்தால் 'நாளைக்கு வாங்க.' மறுநாளே வந்துவிட்டால் 'நேத்தே வந்திருக்கணுமே.' பையன் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டான். சந்தேகங்கள் கேட்டான்.

"சார், வேலை செய்யறதுக்கு நேரம் இருக்கு, ஆளும் இருக்கு, பொருளும் இருக்குன்னா என்ன பண்றது?"

"அப்படி ஒரு நிலைமை வராம பாத்துக்கிறதுதான் நிர்வாகம்."

இதனால் வீட்டில் விளைந்த நன்மைகள் கொஞ்சமல்ல. மணி தீவுக்கே மாற்றலாகிப் போனது, அதாவது ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டப்பட்டது. குளிர்சாதனப் பெட்டி எந்த நோக்கமும் இன்றித் திறக்கப்பட்டது. பெட்டியில் அடுக்கிய துணி மறுபடி அலமாரிக்கு வந்தது. மனைவி மத்தியானத்தில் தூங்கக்கூடத் தொடங்கினார். தூக்கம் வராத நாட்களில் காய் நறுக்கும் தட்டோடு கணவரின் பக்கத்தில் வந்து உட்காருவார்.

"அம்மா, சாப்டாச்சா?" என்று கேட்பான் திரையிலிருந்தவன்.

"ஆச்சுப்பா. நீ?"

"எனக்குப் பசிக்கிற வசதி இல்லம்மா."

"குடுத்து வச்ச புள்ள" என்பார் மனைவி. கணவர் பக்கம் திரும்பி, "பாவங்க, அதைப் போட்டு இப்படி விரட்டுறீங்களே!"

"உனக்கு நிர்வாகம் தெரியாது."

ஒட்டுநிரலில் இன்னும் பல துணைவர்களைச் சேர்க்கலாம் என்று தெரிந்த அன்று அவர் சாப்பிடவே எழுந்து வரவில்லை. மரப் பிரிவு, நெருப்புப் பிரிவு, ஓநாய்ப் பிரிவு (கிழக்கு), ஓநாய்ப் பிரிவு (மேற்கு), அனைத்துக்கும் தலையாய குடிநீர்ப் பிரிவு என்று பதவிகள் தோற்றுவிக்கப்பட்டன. குடிநீர்ப் பிரிவுக்கு இயல்பாகவே இளநிலை உதவியாளர் பொறுப்பேற்றான். சுனையைச் சுற்றி வேலி எழுந்தது, வேலிக்கு முன்னால் ஒரு சன்னல் எழுந்தது. அலுவலகத்துக்குக் கூரை போட்டு முடித்தபோது மரம் தீர்ந்துவிட்டதால், கண்காணிப்பாளர் தாம் மட்டும் மழையில் நனைந்தபடி வெட்டவெளியில் படுத்துக்கொண்டார். இத்தகைய தியாகத்தை எந்தத் தலைவர் செய்வார்?

ஒரு நாள் ஓநாய் வந்தது. அவர் உருவத்தின் காலைக் கவ்வியது.

"டேய்! ஓநாய்! அடிங்கடா!"

மேற்குப் பிரிவு ஈட்டியோடு வந்து பார்த்தது. "சார், இது கிழக்கிலேர்ந்து வந்த ஓநாய்."

கிழக்குப் பிரிவும் வந்தது. "வந்தது கிழக்குதான். ஆனா கடிக்கிறது மேற்குல நின்னு."

இருவரும் கூட்டாக இடத்தைப் பார்வையிட்டார்கள். ஓநாயும் கடித்து முடித்தது. கண்காணிப்பாளர் செத்து, கடற்கரையில் மறுபடி முளைத்தார். அவர் கண்ணில் நீர் தளும்பியது. வலியால் அல்ல. "பாத்தியா, எப்படி வளர்த்திருக்கேன்!" என்று மனைவியின் தோளைத் தட்டினார்.

இந்த அதிசயத்தைத் தாம் மட்டும் கண்டுகளிப்பது அவருக்கு நியாயமாகப் படவில்லை. தம் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் புதிய கண்காணிப்பாளரை ஒரு விடுமுறை நாளில் வீட்டுக்கு அழைத்தார். இவரிடம் பல காலம் கைகட்டி நின்று தொழில் பழகிய மனிதர் அவர். வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தார்.

நம்மவர் தீவைச் சுற்றிக் காட்டினார். சுற்றிக் காட்டியதில் நீலக் கோடு கீழே இறங்கிவிட்டது. சன்னலுக்குப் போனார்.

"தண்ணி கொடுப்பா."

இளநிலை உதவியாளன் புன்னகைத்தான். "வாங்க, உட்காருங்க. புது இணைப்பா, பழைய இணைப்பா?"

"இணைப்பாவது! குடிக்கத் தண்ணி. ஒரு குவளை."

"குவளை வேற செக்ஷன் சார்."

விருந்தாளி சிரித்தார். நம்மவரும் சிரித்தார். நீலக் கோடு சிவந்தது.

"சரி சரி, விளையாட்டு போதும். கொடு."

"நாளைக்கு வாங்க சார்."

"நாளைக்கு வர்றதுக்குள்ள செத்துடுவேன்டா! நான் யாரு தெரியுமா?"

"தெரியும் சார். அதனாலதான் உட்காரச் சொன்னேன். மத்தவங்கன்னா நிக்கத்தான் சொல்லியிருப்பேன்."

கண்காணிப்பாளருக்கு வேர்த்தது. விருந்தாளி முன்னால் இப்படியா? மனைவி பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "நீ ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னா கேப்பான்" என்றார்.

மனைவி காயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அது என் செக்ஷன் இல்லீங்க."

சன்னலுக்கு முன்னாலேயே அவர் உருவம் சுருண்டு விழுந்தது. உள்ளே சுனை சலசலவென்று ஓடுவது கணினியில் துல்லியமாகக் கேட்டது. கடற்கரையில் முளைத்தார். ஓடோடி வந்தார்.

"வாங்க. என்ன விஷயம்?" என்றான் புதிதாகப் பார்ப்பவன் போல.

"இப்பதானேடா கேட்டேன்! தண்ணி!"

"அந்த மனுவா சார்? மனுதாரர் இறந்துட்டதால முடிச்சு வச்சாச்சு. நீங்க புதுசாத்தான் கேக்கணும்."

நம் கண்காணிப்பாளர் கணினியிலிருந்து கையை எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, சன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று புரிந்து, அவருக்கு லேசாகத் தொண்டை வறண்டது. நிஜமாகவே வறண்டது. எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு பாட்டில் தண்ணீரை நின்றவாக்கில் குடித்தார். 'இதை அழிச்சுடும்மா' என்று மகளிடம் சொல்வதற்காக வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

புதிய கண்காணிப்பாளர் எழுந்து நின்றிருந்தார். கண்கள் பனித்திருந்தன.

"சார்! மனுதாரர் இறந்ததால முடிச்சு வச்சாச்சு... எனக்கே இது தோணாம போச்சே சார்! நம்ம ஆபீஸ்ல ஆள் பத்தாம தவிக்கிறோம். இந்தப் பையனை எங்களுக்குக் கொடுங்க."

புகழ்ச்சி வறண்ட தொண்டையையும் நனைக்க வல்லது. கண்காணிப்பாளர் வாயைத் துடைத்த கையாலேயே மீசையைத் தடவிக்கொண்டார். "என் வளர்ப்பு" என்றார்.

அடுத்த மாதமே குடிநீர் அலுவலகத்தின் முதல் சன்னலில் ஒரு பெரிய திரை வைக்கப்பட்டது. அதில் பச்சைச் சட்டையும் கையில் கோடாரியுமாக இளநிலை உதவியாளன் நின்றான். பின்னால் அலையடித்தது, எப்போதாவது ஓர் ஓநாய் குறுக்கே போனது. பொதுமக்கள் அதையெல்லாம் பெரிதுபடுத்தவில்லை. அந்த அலுவலகத்தில் அதைவிட விசித்திரமானவற்றையெல்லாம் அவர்கள் பார்த்திருந்தார்கள். 'மனிதநேயமிக்க தொழில்நுட்பச் சேவை' என்று வாசலில் பலகை தொங்கியது. இணைப்பு எதுவும் வழங்கப்படவில்லை. புகாரும் எதுவும் வரவில்லை. துறையின் சரித்திரத்தில் இப்படியொரு சமநிலை முன்பு ஏற்பட்டதில்லை.

தம் வாரிசு பணியாற்றும் அழகைக் காண நம் கண்காணிப்பாளர் ஒரு நாள் நேரில் வந்தார். தம்மை வரிசையில் நிற்பவராக யாரும் எண்ணிவிடக் கூடாதென்று சற்றுத் தள்ளி, மார்பை நிமிர்த்தி நின்றார். சன்னலில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள் நின்றிருந்தார். தையல்காரி, கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"நாளைக்கு வாங்கம்மா" என்றான் உதவியாளன், அவர் முகத்தையே பார்த்து. ஒட்டுநிரலைச் செய்த புண்ணியவான், பேசுகிறவரின் கண்ணைப் பார்த்தே துணைவன் பேச வேண்டும் என்று அமைத்துத் தொலைத்திருந்தான். அதை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை.

"சரிப்பா, வரேன்" என்ற தையல்கார அம்மாள், மலர்ந்த முகத்தோடு திரும்பினார்.

கண்காணிப்பாளருக்கு ஆவல் தாங்கவில்லை. "என்னம்மா, சேவை எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்ல புள்ளைங்க! தண்ணிதான் தரலை. ஆனா, இல்லைன்னாலும் மூஞ்சியைப் பாத்து சொல்லுது பாருங்க, மனசு நிறைஞ்சு போச்சு. நானும் வயசுப் பொண்ணா இருந்தப்பலேர்ந்து இந்த சன்னலுக்கு வரேன். ஒருத்தரும் இப்படி நிமிர்ந்து பாத்ததில்லை." நாடாவைச் சுருட்டிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயாவை நான் பாத்ததில்லையே. நீங்களும் இணைப்புக்குத்தான் அலையிறீங்களா?"

கண்காணிப்பாளர் மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அடடே, நம்ம பழைய சாரா!" என்று கையெடுத்துக் கும்பிட்டார் அந்த அம்மாள். "மன்னிச்சுக்குங்க சார், குனிஞ்சதும்தான் அடையாளம் தெரிஞ்சுது. இத்தனை வருஷமா உங்க உச்சந்தலையைத்தானே பாத்திருக்கேன்!"